எல்லையோரப் பள்ளியில் ஹிஸ்பானிய இலக்கியம்: ஒரு வகுப்பறையின் நினைவுகள்

ஸ்பெயினிலும், அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து பின்னர் விடுதலை பெற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலும், இன்று ஐக்கிய அமெரிக்காவின் பகுதிகளாக விளங்கும் டெக்சாஸ், நியூ மெக்சிகோ முதலிய மாநிலங்களிலும் ஸ்பானிய மொழியில் தோன்றிய எழுத்துகள் அனைத்தையும் சேர்த்து ஹிஸ்பானிய இலக்கியம் என்று வழங்குவர். இவ்விலக்கியத்தின் இருபதாம் நூற்றாண்டுப் பகுதி தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. போர்ஹெஸ், நெரூதா, ருல்ஃபோ, கார்சியா மார்க்கேஸ் ஆகியோர் சிற்றிதழ்கள் வழியாகவும் மொழிபெயர்ப்பு நூல்கள் வழியாகவும் பல பத்தாண்டுகளாகத் தமிழில் வாசிக்கப்படுகின்றனர். ஆனால் அவர்களும் அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகள் முற்பட்ட முன்னோடிகளும் பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்குப் பாடமாக எவ்வாறு சொல்லித்தரப்படுகின்றனர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோவை எல்லையாகப் பிரிக்கும் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அருகிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இவ்விலக்கியத்தைக் கற்பித்த காலத்தின் நினைவுகளைக் கொண்டு, பாடத்திட்டத்தின் அமைப்பையும், அது மாணவர்களின் வாழ்வோடு பொருந்திய இடங்களையும் பொருந்தாத இடங்களையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றின் வடகரையிலுள்ள இந்நிலப்பகுதியை அங்குள்ள மக்கள் சுருக்கமாக 'பள்ளத்தாக்கு' என்றே அழைக்கின்றனர். இதில் அடங்கிய ஹிடால்கோ மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஹிஸ்பானிய வழியினர்; அவர்களுள் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்தவர்கள். கடைத்தெருவிலும் தேவாலயத்திலும் மருத்துவமனை வாசலிலும் ஸ்பானிய மொழி இயல்பாக ஒலிக்கிறது. இருப்பினும் பள்ளிக்கூடம் நெடுங்காலம் அம்மொழிக்கு அயலான இடமாகவே இருந்தது. 1918-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இயற்றிய சட்டம், பொதுப்பள்ளிகளில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது; ஸ்பானியம் அயல்மொழிப் பாடமாக மட்டும் சில வகுப்புகளில் இடம் பெறலாம் என்ற நிலை இருந்தது. விளையாட்டு இடைவேளையில் ஸ்பானியம் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1968 நவம்பரில் இதே பள்ளத்தாக்கிலுள்ள எட்கவுச்–எல்சா பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறியபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள், தண்டனைக்கு அஞ்சாமல் ஸ்பானியம் பேசும் உரிமையும் ஒன்று. இருமொழிக் கல்விக்கான மாநிலச் சட்டம் 1973-இல்தான் வந்தது. இலக்கிய வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பலர் அந்தத் தண்டனைகளை நேரில் அனுபவித்தவர்கள் என்பதையும், அவ்வனுபவத்தின் விளைவாகத் தம் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடிவு செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதையும் கருத்தில் கொண்டால்தான் அவ்வகுப்பறையின் தன்மை விளங்கும்.

வகுப்பில் மூன்று வகை மாணவர்கள் கலந்திருந்தனர். முதல் வகையினர், வீட்டில் ஸ்பானியம் கேட்டும் பேசியும் வளர்ந்தும் அம்மொழியில் முறையாக எழுதப் படிக்கக் கற்காதவர்கள். மொழிக்கல்வித் துறையில் இவர்களை 'மரபுவழிப் பேச்சாளர்' என்று குறிப்பிடுவர். இரண்டாம் வகையினர், ஆற்றுக்கு அப்பால் தமாவுலிப்பாஸ், நுவேவோ லியோன் மாநிலங்களில் தொடக்கக் கல்வியை முடித்துவிட்டு அண்மையில் இக்கரை வந்தவர்கள். ஏனைய பாடங்களில் ஆங்கிலக் குறைவால் பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருந்த இவர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் பெக்கேரின் பாடல்களைப் புத்தகம் பாராமல் சொல்லும் திறனால் இவ்வகுப்பில் மதிப்புப் பெற்றனர். மூன்றாம் வகையினர், குடும்பப் பெயர் மட்டும் ஸ்பானியமாக இருக்க, ஆங்கிலத்திலேயே சிந்திக்கும் மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள். ஒரே பாடநூலை இம்மூவகையினரும் மூன்று வேறு தூரங்களிலிருந்து அணுகினர். ஆசிரியரின் வேலையில் பெரும்பகுதி அத்தூரங்களைக் கணக்கிடுவதிலேயே கழிந்தது.

கற்பிக்கப்பட்ட பாடம் 'ஏ.பி. ஸ்பானிய இலக்கியமும் பண்பாடும்' என்பதாகும். ஏ.பி. என்று சுருக்கமாக வழங்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டம், பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்திலான பாடத்தைப் படித்து, மே மாதத்தில் நாடு முழுவதும் நடைபெறும் பொதுத்தேர்வை எழுதி, ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண் அளவில் நல்ல நிலை பெற்றால் கல்லூரியில் அதற்குரிய பாட மதிப்பைப் பெற வழிசெய்கிறது. இதனை நடத்துவது காலேஜ் போர்டு என்னும் அமைப்பு. 2003-க்கு முன்னர் இப்பாடம் உனாமுனோ, லோர்கா, போர்ஹெஸ், கார்சியா மார்க்கேஸ், ஆனா மரியா மாத்துத்தே ஆகிய ஐந்து எழுத்தாளர்களை மட்டும் மையமாகக் கொண்டிருந்தது. பின்னர்ப் பட்டியல் விரிந்தது. 2012–13 கல்வியாண்டில் முழுவதும் திருத்தியமைக்கப்பட்டபோது 38 படைப்புகள் கட்டாயமாக்கப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டின் தோன் ஹுவான் மனுவேல் தொடங்கி, 'லாசரில்லோ தே தோர்மெஸ்', 'தோன் கிஹோத்தே'யின் சில அத்தியாயங்கள், சோர் ஹுவானாவின் கவிதை, ஹோசே மார்த்தியின் கட்டுரை, ரூபேன் தாரியோ, நெரூதா, கொர்த்தாசர் எனத் தொடர்ந்து, இசபெல் அயெந்தேயின் சிறுகதை வரை நீளும் அப்பட்டியல் ஆறு கருப்பொருள்களின் கீழ்ப் பகுக்கப்பட்டிருந்தது. ஒன்றையொன்று எதிர்கொள்ளும் சமூகங்கள், பாலினத்தின் கட்டமைப்பு, காலமும் வெளியும், மனித உறவுகள், தன்னுள் இருமை, இலக்கியப் படைப்பாக்கம் என்பன அவை.

எந்தப் படைப்பைப் படிக்க வேண்டும் என்பதைப் பட்டியல் தீர்மானித்ததேயன்றி, எதை முதலில் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியரிடமே விட்டிருந்தது. பல பள்ளிகளில் வழக்கமாக இருந்தது காலவரிசை. இலக்கிய வரலாற்று நூல்கள் அவ்வாறே அமைந்திருப்பதால் அது இயல்பான முறையாகவும் தோன்றும். ஆனால் ஆகஸ்டில் பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே இடைக்காலக் காஸ்டிலிய உரைநடையைச் சந்திக்கும் மரபுவழிப் பேச்சாளர், தம் வீட்டு மொழி ஒன்று, பள்ளி போற்றும் மொழி வேறொன்று என்ற பழைய எண்ணத்தை அங்கேயே உறுதிப்படுத்திக் கொள்வர். எனவே இக்கட்டுரையாளர் பணியாற்றிய வகுப்பில் பாடம், காலத்தாலும் இடத்தாலும் மாணவர்க்கு அண்மையிலுள்ள படைப்பில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, பின்னர் மீண்டும் நிகழ்காலத்துக்குத் திரும்பும் வகையில் அமைக்கப்பட்டது. பட்டியலின் 38 படைப்புகளும் விடுபடாமல் படிக்கப்பட்டன. மாறியது வரிசை மட்டுமே.

தொடக்கமாக அமைந்தது தோமாஸ் ரிவேராவின் 1971-இல் வெளிவந்த நூல். 'பூமி அவனை விழுங்கவில்லை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இந்நூலின் ஆசிரியர் 1935-இல் டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டியில் பிறந்தவர். பயிர்க்காலத்தைத் தொடர்ந்து வடமாநிலங்களுக்கு இடம்பெயர்ந்து உழைக்கும் விவசாயக் கூலிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத் தலைவராக உயர்ந்து 1984-இல் காலமானவர். பட்டியலில் அந்நூலின் இரண்டு பகுதிகள் இடம்பெற்றுள்ளன. நூலின் தலைப்பையே பெயராகக் கொண்ட பகுதியில், வயலில் வெயில் தாக்கி வீழ்ந்த தந்தைக்கும் தம்பிக்கும் நேர்ந்ததைக் கண்டு கொதிக்கும் சிறுவன் கடவுளைப் பழிக்கிறான். பழித்தால் பூமி பிளந்து விழுங்கும் என்று தாய் நம்ப, நிலம் அவன் காலடியில் உறுதியாகவே நிற்கிறது. மற்றொரு பகுதியான 'கிறிஸ்துமஸ் முன்னிரவு', பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கத் துணிந்து தனியே நகரக் கடைக்குச் செல்லும் தோன்யா மரியா என்னும் தாய், கூட்டத்தின் நெரிசலில் அஞ்சிக் குழம்பித் திருட்டுப் பழிக்கு ஆளாவதைச் சொல்கிறது.

இக்கதைகளைப் படித்த மாணவர்களுக்குச் சொற்பொருள் விளக்கம் ஏறக்குறையத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொரு விளக்கம். தம் குடும்பங்களில் இரவு உணவின்போது பேசப்படும் செய்தி எவ்வாறு இலக்கியம் ஆகும் என்று அவர்கள் கேட்டனர். பெயரில்லாத சிறுவன் ஒருவனின் நினைவு என்னும் சட்டகத்துக்குள் ரிவேரா தனித்தனிக் கதைகளையும் அவற்றுக்கிடையே சில வரிகளே கொண்ட சிறு குறிப்புகளையும் வைத்திருப்பதையும், பேசுபவர் இன்னார் என்று சொல்லாமல் உரையாடலை மட்டும் தருவதையும், ஓராண்டுக் காலத்தைச் சிதறிய துண்டுகளாகக் கொடுத்து வாசகனையே ஒன்றுசேர்க்க வைப்பதையும் வகுப்பில் சுட்டிக்காட்டியபோது, செய்திக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தம் சொந்த அனுபவத்தின் மீதே புலனாயிற்று. கதைசொல்லி, பார்வைக்கோணம், துண்டாக்கப்பட்ட காலம் முதலிய திறனாய்வுச் சொற்கள் யாவும் இந்நூலின் வழியாகவே அறிமுகம் செய்யப்பட்டன. பின்னர் அவை 'தோன் கிஹோத்தே'க்கும் பயன்பட்டன.

அடுத்து வந்தவர் ஹுவான் ருல்ஃபோ. 1953-இல் வெளியான அவருடைய கதைத் தொகுப்பிலுள்ள 'நாய்கள் குரைப்பது கேட்கவில்லையா' என்னும் கதையில், காயம்பட்ட வளர்ந்த மகனைத் தோளில் சுமந்துகொண்டு முதிய தந்தை நிலவொளியில் தோனாயா என்னும் ஊரில் மருத்துவரைத் தேடி நடக்கிறார். மகனின் பிடி தன் காதுகளை அடைத்திருப்பதால், ஊர் நெருங்கியதற்கு அடையாளமான நாய்க்குரைப்பு கேட்கிறதா என்று அவனிடமே கேட்டுக்கொண்டு செல்கிறார். ஏறத்தாழ முழுவதும் உரையாடலாகவே நகரும் இக்கதையை மௌனமாகப் படிக்கச் சொல்வதால் பயனில்லை. இருவர் எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தபோதுதான், தந்தை மகனை ஒருமையில் அழைத்துவந்து, அவன் செய்த கொலை கொள்ளைகளை நினைவுகூரும் இடத்தில் மரியாதைப் பன்மைக்கு மாறிவிடுவது காதில் விழுந்தது. ஸ்பானியத்தில் இம்மாற்றம் நெருக்கத்தை விலக்கி, அந்நியனிடம் பேசும் தொலைவை உண்டாக்குகிறது. மூன்றாம் தலைமுறை மாணவர்களுக்கு அதனை விளக்கியவர்கள், வீட்டில் தாய் கோபம் கொண்டால் இவ்வாறே பேசுவாள் என்று அறிந்த மற்ற மாணவர்கள்தாம். இக்கதைக்குப் பின் வாய்விட்டுப் படித்தல் வகுப்பின் நிலையான நடைமுறையாயிற்று; கதையை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி வருதல் வீட்டுப்பாடமாகவும் ஆயிற்று. படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், தந்தை இறுதிவரை மகனைக் கீழே இறக்காமல் சுமந்ததே அவருடைய விடை என்றும், வாயால் சொல்லும் வசவுகளைக் கணக்கில் எடுக்கலாகாது என்றும் கூறியதாக மாணவி ஒருத்தி எழுதிவந்த குறிப்பு, அவ்வாண்டு அக்கதைக்கு வகுப்பில் கிடைத்த சிறந்த விளக்கமாக அமைந்தது.

பழைய இலக்கியத்துக்குச் செல்லும் வழியைத் திறந்தவை எல்லைப்புறப் பாடல்கள். மெக்சிகோவிலும் தெற்கு டெக்சாஸிலும் வழங்கும் 'கொரீதோ' என்பது, வீரச்செயலையோ கொலையையோ பேரிடரையோ எட்டு அசை கொண்ட அடிகளில் கதையாகச் சொல்லும் பாடல். 1901-இல் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பிழையிலிருந்து தொடங்கிய மோதலில் ஷெரிஃப் ஒருவரைச் சுட்டுவிட்டுக் காவற்படைகளிடமிருந்து குதிரையில் தப்பியோடிய கிரெகோரியோ கோர்த்தெஸைப் பற்றிய கொரீதோவை, பிரவுன்ஸ்வில் நகரில் பிறந்த அறிஞர் அமெரிக்கோ பாரேதெஸ் 1958-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இப்பாடலின் மூதாதை 'ரொமான்ஸே' எனப்படும் ஸ்பானியக் கதைப்பாடல். அதுவும் எட்டு அசை அடிகளால் ஆனது. இரட்டைப்படை அடிகளின் இறுதியில் உயிரொலி மட்டும் ஒத்துவரும் இயைபு உடையது. பாடத்திட்டத்தில் உள்ள ரொமான்ஸே, 1482-இல் அல்ஹாமா என்னும் ஊர் கிறித்தவப் படைகளிடம் வீழ்ந்த செய்தி கிரனாடாவின் முஸ்லிம் மன்னனுக்கு எட்டுவதையும், அவன் கடிதத்தைத் தீயிலிட்டுத் தூதனைக் கொல்வதையும், முதியவர் ஒருவர் அவனது பழைய கொடுமைகளைச் சுட்டி இடித்துரைப்பதையும் பாடுகிறது. கல்யாண வீடுகளில் அக்கார்டியனுடன் ஒலிக்கும் கொரீதோக்களைக் கேட்டு வளர்ந்த மாணவர்கள் அசைகளை விரலால் எண்ணத் தொடங்கியவுடன் இரண்டின் உறவையும் கண்டுகொண்டனர். வென்றவர்களின் மொழியிலுள்ள அப்பாடல் தோற்றவர்களின் துயரத்தை ஏன் பாடுகிறது என்ற கேள்வியை எழுப்பியவர்களும் அவர்களே.

அதே போக்கில் 1554-இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான 'லாசரில்லோ தே தோர்மெஸ்' படிக்கப்பட்டது. ஏழைச் சிறுவன் ஒருவன் எசமானர் பலரிடம் மாறிமாறி ஊழியம் செய்து பிழைக்கும் கதையைத் தன் வாயாலேயே சொல்லும் 'பிக்காரெஸ்கா' என்னும் நாவல் வகை இந்நூலிலிருந்து தோன்றியது. திருச்சபையினரை எள்ளி நகையாடியதால் 1559-இல் இது தடைநூற் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மதுச் சாடியில் துளையிட்டுக் குருடனை ஏமாற்றும் பகுதியில் வகுப்பு சிரித்தது உண்மைதான். எனினும் மாணவர்கள் நெடுநேரம் விவாதித்தது மூன்றாம் பகுதியிலுள்ள வறிய கனவானைப் பற்றியே. வீட்டில் ஒரு துண்டு ரொட்டியும் இல்லாத நிலையில், உண்டவரைப் போலத் தெருவில் பல்குத்திக்கொண்டு நிற்கும் அவரது மானத்தை, உதவித்தொகை பெறுவதை அயலாரிடம் மறைக்கும் குடும்பங்களை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொண்டனர். மேலும், பள்ளியிலும் அலுவலகங்களிலும் பிழை எனத் திருத்தப்பட்டு வந்த சில நாட்டுப்புற வினைவடிவங்கள், லாசரில்லோவின் காலத்து நூல்களில் நல்ல வழக்காகவே பயின்றுள்ளன. நகர்ப்புறங்களில் மறைந்துபோன பழைய வடிவங்கள் தொலைதூரக் கிராமங்களில் நிலைத்துவிட்டன என்ற மொழிவரலாற்று உண்மையை, தம் பாட்டியின் பேச்சை அச்சில் கண்ட மாணவர்களுக்கு நீண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்பானியர் மெக்சிகோவை வெற்றிகொண்டது பற்றிய இரு நூல்களை அருகருகே வைத்துப் படிப்பது பாடத்தின் மையமாக இருந்தது. ஒன்று, அப்படையெடுப்பின் தலைவர் எர்னான் கோர்த்தெஸ் 1520 அக்டோபர் 30 தேதியிட்டு ஐந்தாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிய இரண்டாம் அறிக்கைக் கடிதம். ஆஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானின் தெருக்களையும் சந்தையையும் அவர்களின் மன்னர் மொக்தெசூமாவின் வரவேற்பையும் வியப்போடும், மன்னரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டிய ஒருவரின் கணக்கோடும் அது வருணிக்கிறது. மற்றொன்று, மிகேல் லியோன்–போர்த்தியா 1959-இல் தொகுத்து வெளியிட்ட 'வெல்லப்பட்டவர்களின் பார்வை'. நாவாத்தில் மொழியில் பதிவான பழங்குடி மக்களின் வாய்மொழிகளின் ஸ்பானிய வடிவமான அதிலிருந்து, அந்நியர் வருகைக்கு முன் தோன்றிய எட்டுத் தீநிமித்தங்களைப் பற்றிய பகுதியும் நகரின் வீழ்ச்சியைப் பாடும் புலம்பலும் பாடமாக இருந்தன. ஒரே நிகழ்ச்சியின் இரு தரப்பையும் படித்த மாணவர்கள், தாங்கள் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர்கள் என்று வினவினர். கோர்த்தெஸின் மொழியைப் பேசும் வாயும் மொக்தெசூமாவின் மக்களை ஒத்த முகமும் உடையவர்களுக்கு அது தேர்வுக்கான வினாவாக இருக்க முடியாது. அதற்கு விடையளிப்பது ஆசிரியரின் பொறுப்பன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவனும் ஆஸ்தெக்குகளின் பலிபீடத்துக்கு இழுத்துச் செல்லப்படுபவனும் ஒருவனே எனத் தோன்றும் கொர்த்தாசரின் 'மல்லாந்த இரவு', பண்டைய மழைத்தெய்வச் சிலை உயிர்பெற்று நகரவாசியை அடிமையாக்கும் கார்லோஸ் ஃபுவெந்தெஸின் 'சாக் மோல்' ஆகிய கதைகளை இவற்றைத் தொடர்ந்து படிக்கச் செய்ததில், நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வியை எழுத்தாளர்கள் விடாமல் கேட்டுவருவதை மாணவர்கள் கண்டனர்.

எல்லாப் படைப்புகளும் இவ்வாறு எளிதில் இணங்கிவிடவில்லை. தோன் ஹுவான் மனுவேல் 1335-இல் முடித்த 'கோந்தே லுக்கானோர்' நூலின் முப்பத்தைந்தாம் கதையில், முரட்டுக் குணமுள்ள பெண்ணை மணந்த இளைஞன், முதலிரவில் தன் சொல்லைக் கேளாத நாயையும் பூனையையும் குதிரையையும் அவள் கண்முன்னே வெட்டிக் கொன்று அவளைப் பணியவைக்கிறான். நூல் அதை நல்லறிவுரையாகவே தருகிறது. குடும்ப வன்முறையை நேரில் கண்ட பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதனை நகைச்சுவைக் கதை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. பாலினக் கருப்பொருளின் கீழ் இதனைத் தனியே விடாமல், ஆண்களின் இரட்டை நீதியைத் தர்க்கத்தால் தாக்கும் பதினேழாம் நூற்றாண்டுத் துறவி சோர் ஹுவானாவின் கவிதையோடும், புலம்பெயரக் கனவு கண்டு சிவப்புக் காலுறை வாங்கிய மகளைத் தந்தை அடித்து முகத்தைச் சிதைக்கும் எமிலியா பார்தோ பசானின் கலீசியக் கதையோடும் சேர்த்து வைத்ததே பொருத்தமாக இருந்தது. மூன்றையும் படித்த பின் நடந்த விவாதத்தில், இடைக்கால நூலை விலக்கிவிட வேண்டும் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. அச்சத்தால் பெறும் பணிவை அறிவுரையாகச் சொல்லிய காலத்தின் சான்றாக அது நிலைக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

கவிதை யாப்பைக் கற்பிப்பது வேறுவகை உழைப்பைக் கோரியது. கார்சிலாசோவின் 23-ஆம் சொனெட்டும் கோங்கோராவின் 166-ஆம் சொனெட்டும், அழகு அழியுமுன் இளமையைத் துய்க்கச் சொல்லும் ஒரே மரபைச் சேர்ந்தவை. பதினோரு அசை கொண்ட பதினான்கு அடிகளால் ஆனவை. அசைகளைச் சரியாக எண்ண, 'சினலேஃபா' என்னும் விதி தெரிய வேண்டும். ஒரு சொல்லின் ஈற்றுயிரும் அடுத்த சொல்லின் முதலுயிரும் எழுத்தில் தனித்து நின்றாலும் ஒலிப்பில் ஓரசையாக இணையும் என்பது அவ்விதி. பேச்சில் இயல்பாக இணைத்து ஒலிப்பவர்கள் தாளில் எண்ணும்போது தவறினர். ஆதலால் இங்கும் காதே முதல் ஆசிரியராயிற்று. மறுமலர்ச்சிக் கவிஞரான கார்சிலாசோ மென்மையாக எச்சரிக்கும் இடத்தில், பரோக் காலத்தவரான கோங்கோரா அனைத்தும் மண்ணாகி ஒன்றுமில்லாமல் போகும் என்று முடிப்பதை விளக்க, ஸ்பெயினின் செவியா நகர மருத்துவச்சாலையொன்றில் உள்ள வால்தேஸ் லேயாலின் ஓவியம் பயன்பட்டது. அதில் எலும்புக்கூடு ஒன்று மணிமுடி, நூல், வாள் முதலிய உலகப் பெருமைகளின் மீது நின்று மெழுகுத்திரியை அணைக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளுக்காக வீட்டில் படையலிடும் மாணவர்களுக்கு எலும்புக்கூடு அச்சம் தரும் உருவமன்று. எனவே ஸ்பெயினின் பரோக் மரணமும், மெக்சிகக் கலைஞர் போசாதாவின் சிரிக்கும் மண்டையோடுகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அவர்களால் நுட்பமாக எழுத முடிந்தது. தேர்விலும் படைப்பையும் ஓவியத்தையும் ஒப்பிடும் வினா ஒன்று கட்டாயமாக இருந்தது.

லோர்கா 1936 ஜூனில் எழுதி முடித்து, இரண்டு மாதங்களில் தாம் கொல்லப்பட்டதால் மேடையேறக் காண இயலாமற்போன 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' நாடகம், வகுப்பில் முழுமையாக நடித்துப் படிக்கப்பட்டது. கணவன் இறந்தபின் எட்டாண்டு துக்கம் என்று கட்டளையிட்டு ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் அடைக்கும் தாயின் கதையில் ஆண் பாத்திரம் எதுவும் மேடைக்கு வருவதில்லை. ஆகவே மாணவர்களுள் ஆண்களும் பெண் பாத்திரங்களையே ஏற்க வேண்டியிருந்தது. முதற்காட்சியில் எழுந்த சிரிப்பு இரண்டாம் அங்கத்துக்குள் அடங்கியது. பெர்னார்தாவின் வசனங்களைப் பேசிய மாணவன், அயலார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமே அவளை ஆட்டிவைக்கிறது, அவளும் அவ்வீட்டின் கைதியே என்று எழுதினான். கொடுமைக்காரியின் வாயில் நின்று பேசிப் பார்த்ததால் கிடைத்த அவ்வறிவை, நாடகத்தைப் பற்றிய எந்த விரிவுரையும் தந்திருக்க முடியாது.

எழுத்துத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தலே ஆண்டின் கடினமான பணி. 2013-இல் நடைமுறைக்கு வந்த தேர்வில் 65 கொள்குறி வினாக்களும், 100 நிமிடங்களில் ஸ்பானியத்தில் விடையெழுத வேண்டிய நான்கு வினாக்களும் இருந்தன; கட்டுரைகளுக்குக் கருத்துக்குத் தனியாகவும் மொழிக்குத் தனியாகவும் மதிப்பெண் வழங்கப்பட்டது. மரபுவழிப் பேச்சாளர்கள் பேச்சில் ஆசிரியரையே விஞ்சும் சரளம் உடையவர்களாயினும், ஒலிப்பில் வேறுபடாத எழுத்துகளை மாற்றி எழுதுவர். ஒலிக்காத எழுத்தை விட்டுவிடுவர். அழுத்தக்குறியை எங்கே இடுவது என்று அறியார். இப்பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பித் தந்தால் அவர்களின் தாத்தாக்கள் பெற்ற தண்டனையின் வேறு வடிவமாகவே அது அமையும். தேர்வு முறையைப் பின்பற்றி, கருத்துக்கான குறிப்பை முதலிலும், எழுத்துமுறைக்கான குறிப்பைத் தனித்தாளில் பின்னரும் வழங்கியபோது, மாணவர்கள் பின்னதையும் பொறுமையாகப் படித்தனர்.

தேர்வு மே மாதத் தொடக்கத்தில் நடைபெறுவது பள்ளத்தாக்கில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்கியது. மிச்சிகன், ஒஹாயோ, மினசோட்டா முதலிய வடமாநிலங்களுக்கு அறுவடை வேலைக்குச் செல்லும் குடும்பங்களுள் சில, வசந்த காலம் முடியுமுன்பே புறப்பட்டு, பள்ளி தொடங்கிப் பல வாரங்கள் கழித்தே இலையுதிர் காலத்தில் திரும்பும். ரிவேரா எழுதியது கடந்தகால வரலாறு என்று எண்ணியவர்களுக்கு, ஏப்ரல் இறுதியில் வகுப்பில் வெறுமையான சில இருக்கைகள் மறுப்பாக அமைந்தன. இடம்பெயரும் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1966 முதல் நடுவணரசின் கல்வித் திட்டம் ஒன்று இயங்கிவருவதால், சிலருக்கு உறவினர் வீட்டில் தங்கித் தேர்வெழுத ஏற்பாடு செய்ய முடிந்தது; எல்லாருக்கும் முடியவில்லை. படைப்புகளை முழுமையாக உணர்ந்து படித்தும் தேர்வு மதிப்பெண் பெறாமல் போனவர்கள் பள்ளியின் ஆண்டறிக்கையில் எவ்விதத்திலும் இடம்பெறுவதில்லை.

இந்நினைவுகளிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்று உண்டு. பழைய நூல்கள் கடினமானவை, எனவே மாணவர்களுக்கு எளிய புதியவையே போதும் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. கோங்கோராவையும் தோன் ஹுவான் மனுவேலையும் எல்லையோரப் பிள்ளைகள் தம்முடையவையாகவே படித்தனர். ஆனால் அவற்றை அடைவதற்கு முன், தம் ஊரும் தம் வீட்டின் பேச்சும் இலக்கியமாக ஏற்கப்பட்டிருப்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். 38 படைப்புகள் கொண்ட பட்டியலில் டெக்சாஸின் வயல்களிலிருந்து வந்த நூல் ரிவேராவினுடையது ஒன்றே. அதிலும் இரு பகுதிகளே. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கும் எந்த நாட்டிலும் இலக்கியப் பாடத்திட்டம் வகுப்போர், அத்தகைய நூல் ஒன்றைப் பட்டியலின் கடைசியில் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், ஆண்டின் முதல் பாடமாக வைத்து, அதனை வாய்விட்டுப் படிக்கப் போதிய நேரத்தையும் ஒதுக்க வேண்டும்.